ஓட்டினால்தான் ஓடும்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே கார்களைப் பற்றியவை: எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டும் 1962இல் வந்து 1980இல் நின்றுபோனவை. முதலாவது ஐந்து லட்சத்துக்கு மேலும், இரண்டாவது மூன்று லட்சத்துக்கு மேலும் தயாரானதால் இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன, விலையும் ஓரளவு கைக்கு எட்டுகிறது. எழுதியவர்களில் அநேகர் பிரிட்டனில் இருப்பவர்கள். சென்னையிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எம்ஜிபி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்களாம். நம்பி வாங்கலாமா? (ஹாரோ)

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். அந்த 1,798 சிசி எஞ்சின் முரட்டு உழைப்பாளி. கெட்டுப்போனாலும் சரிசெய்ய ஆளும் உண்டு, பாகமும் உண்டு. பர்ஸைக் காலி செய்வது பாடியில் இருக்கும் துருதான்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். கூரையும் இல்லாததால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில். வெளியே தெரிவது அதன் மேல்தகடு மட்டும். உள்ளே அடுக்கடுக்காக இன்னும் தகடுகள் இருக்கின்றன. உள்ளே அரித்துப்போனதை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து விற்கப்பட்ட கார்கள் ஏராளம்.

மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி எடுத்துப் போங்கள். சில் நெடுக, அப்புறம் முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. அடுத்து, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ, கதவு இடுக்கு மேலே குறுகினாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சில் முழுவதையும் ஒழுங்காக மாற்ற முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் அடிப்பாகத்தை வெட்ட வேண்டும். அந்த வேலை நடந்தபோது எடுத்த போட்டோவைக் கேளுங்கள். நேர்மையாக வேலை பார்த்தவர் போட்டோ இல்லாமல் இருக்க மாட்டார்.

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்கு முழுப் புது பாடியே செய்து விற்கிறது. ஆகவே காப்பாற்ற முடியாத எம்ஜிபி என்று ஒன்று கிடையாது. ஆனால் அதன் விலையைக் கேட்டதும், முதலிலேயே நல்ல காரை வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் மாடல்களைப் பலர் மதிப்பதில்லை. அமெரிக்கச் சட்டத்துக்காகக் காரை உயர்த்தியதில் வளைவில் கொஞ்சம் அதிகமாகச் சாயும் என்பது உண்மைதான். 1977 மாடலில் அதையும் ஓரளவு சரிசெய்துவிட்டார்கள். துருவேறிய குரோம் பம்பர் காரைவிடத் துருவில்லாத ரப்பர் பம்பர் கார் எவ்வளவோ மேல்.

ஹெட்லைட் மங்கல், இன்டிகேட்டர் சோம்பலாக அடிக்கிறது. லூகாஸ் என்றாலே அப்படித்தான் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். மொத்த வயரிங்கையும் மாற்றிவிடவா? (கிராய்டன்)

வேண்டாம். இந்தக் கார்களுக்கு எலெக்ட்ரிக் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கட்டிச் சிரிப்பது பிரிட்டனில் பழைய வழக்கம். ஐம்பது வருஷம் மழையிலும் குளிரிலும் கிடந்த பித்தளைக் கனெக்டர் யார் செய்ததாக இருந்தாலும் பாசி பிடிக்கத்தான் செய்யும்.

மல்டிமீட்டரை எடுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை விளக்கின் எர்த் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த போல்ட்டைக் கழற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். ஃபியூஸ் பிடிக்கும் கிளிப்களையும் தேய்த்துவிடுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே போய்விடும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துக்கொண்டால் பழைய சுவிட்சின் சுமையும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. 1967 கடைசிவரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ மாட்டினால் புகை வரும். இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் வருஷத்தை நம்பாமல் பேட்டரியையே பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்துக்கு அடியில் ஒளிந்திருந்தன. கண்ணில் படாததால் அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டரைத் தொடவே பயமாக இருக்கிறது. ஐடிலிங் நிற்கவில்லை, பிக்கப்பும் இல்லை. (மில்டன் கீன்ஸ்)

பயப்பட ஒன்றுமில்லை. மனிதன் செய்த கார்ப்பரேட்டர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பிய ஊசி, ஊசி இறங்கும் ஒரே ஒரு ஜெட். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் மேலே போகும். ஊசியும் கூடவே எழுந்து பெட்ரோலுக்கு வழி விடும். மற்ற கார்ப்பரேட்டர்களில் நாலைந்து ஜெட் செய்யும் வேலையை இங்கே அந்த ஒரே ஊசி பார்த்துக்கொள்கிறது.

முதலில் மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்து ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏஇ 20 ஆயில் போதும். அது வற்றிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் திணறும். உங்கள் பிக்கப் பிரச்சினை இவ்வளவுதானாகக்கூட இருக்கலாம்.

அது இல்லையென்றாலும் உடனே கார்ப்பரேட்டரைத் திருகாதீர்கள். வால்வு இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட்டும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் சரிபார்த்து, டைமிங்கையும் வைத்துவிட்டுத்தான் கார்ப்பரேட்டர் பக்கம் போக வேண்டும். கார்ப்பரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி டிஸ்ட்ரிப்யூட்டரில்தான் இருக்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டர் வாயிலும் பிடியுங்கள். இரண்டிலும் 'ஸ்ஸ்' என்ற சத்தம் ஒரே அளவில் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் இரண்டின் ஐடிலிங் ஸ்குரூவையும் மாற்றி மாற்றித் திருகிச் சமன்செய்யுங்கள். பிறகு ஒரு பிஸ்டனை அதன் அடியில் உள்ள சிறு பின்னைக் கொண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறிப் பழையபடி இறங்கினால் சரி. அடியில் உள்ள அறுகோண நட்டை ஒரு முகம் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். இது சற்றுப் பழைய ஹெச்எஸ்4 ரகத்துக்கு. பிறகு வந்த ஹெச்ஐஎஃப்4இல் நட்டுக்குப் பதில் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஐடிலிங் ஏறி இறங்கினால், த்ராட்டிலின் தண்டு தேய்ந்து அந்த வழியாகக் காற்று புகுகிறது என்று அர்த்தம். எவ்வளவு டியூன் செய்தாலும் அது அடங்காது. கழற்றிப் புது புஷ் போடுவதுதான் வழி.

இ10 பெட்ரோல் போடலாமா? (லெஸ்டர்)

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் என்றால் இ10தான், அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது தின்றுவிடும், ஈரத்தையும் இழுக்கும். 97 ஆக்டேன் சூப்பர் ரகத்தில் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் இருக்காது, அதையே போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வருஷத்துக்கு எத்தனை மைல் ஓட்டப்போகிறீர்கள்? எப்படியானாலும் 'ஆர்9' என்று அச்சிட்ட புது ஹோஸ்களுக்கு மாறிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டல்ல.

இதே வாசகர் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாததைப் பற்றியும் கவலைப்படுகிறார். எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு உட்காரும் இடம் தேய்கிறது. அப்போது ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்ளலாம். இடைவெளி அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்போக் வீல். (டூட்டிங்)

பின்பக்கத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் அசையாமல் வீல் மட்டும் அசைந்தால் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. ஹப், வீல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது வீலைத் தேய்ந்த ஹப்பில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். நடு நட்டு இடது பக்கம் ஒரு மரை, வலது பக்கம் எதிர் மரை. கார் முன்னே போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் அடித்தால்தான் கழலும்.

சென்னையில் அப்பா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது. மெக்கானிக் கிரீஸ் அடித்தும் சரியாகவில்லை. இதை இங்கே கேட்கலாமா?

தாராளமாக. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்த உங்கள் ஹெரால்ட், ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கிச் செய்த கார். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிகெலோட்டி. உங்கள் காரின் முன்சக்கர அமைப்பும் ஸ்பிட்ஃபயரின் குடும்பம்தான். அதனால் இந்தப் பதில் ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது: கிரீஸ். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் கீழ்முனையில் மரை வெட்டி, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுற்றுகிறது. நிப்பிளைப் பார்த்ததும் எல்லாரும் கிரீஸ் அடிக்கிறார்கள். அதற்குப் போட வேண்டியது இபி90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் இறுகி நிற்கும், கீழே தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும், ஒருநாள் அந்த இரும்பு மரையிலேயே முறியும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முறிந்தால் பிழைத்தோம். நெடுஞ்சாலையில் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டியரிங் ஏற்கெனவே கனமாகிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். மரையில் குழி விழுந்திருந்தால் அந்த இரும்பையும் ட்ரன்னியனையும் சேர்த்து மாற்றுங்கள். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர், ஹெரால்ட் பாகம் விற்பவர்களிடம் கிடைக்கும். பழைய பாகத்தை அளந்து ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள். இடம், வலம் மரை வேறு வேறு. அதன்பின் கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, கசிந்து வெளியே வரும்வரை அடியுங்கள்.

கையோடு இன்னொன்று. எஞ்சின் நிற்கும்போது ஒருவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க்கை அப்படி நகரவிடாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று கீழே விழுந்தால் எஞ்சின் பிளாக்கே போய்விடும். ஸ்பிட்ஃபயர் வாங்கப் போகிறவர்களும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எம்ஜிபியில் ஓவர்டிரைவ் (டாப் கியருக்கும் மேலே எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) விழவில்லை. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். (ஈஸ்ட் ஹாம்)

அவசரப்படாதீர்கள், அதற்கு எஞ்சினையும் சேர்த்து இறக்க வேண்டும். முதலில் ஆயில் அளவு: எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு எஞ்சினுக்குப் போடும் அதே 20டபிள்யூ-50தான், கியர் ஆயில் ஊற்றியிருந்தால் வடித்துவிடுங்கள். அப்புறம் எஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு, நாலாவது கியரில் வைத்து ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். அடியிலிருந்து மெல்லிய 'கிளிக்' கேட்காவிட்டால் வயரிலோ கியர்பாக்ஸ் சுவிட்சிலோதான் கோளாறு. முக்கால்வாசி நேரம் அப்படித்தான் இருக்கும்.

நாற்பது வருஷம் தாண்டிய காருக்கு எம்ஓடி (வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனை), வரி எதுவும் வேண்டாமாமே? (லூட்டன்)

வரி பூஜ்யம், ஆனால் 'ஹிஸ்டாரிக்' வகைக்கு மாற்றி வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார் என்றால் 2018 மே முதல் எம்ஓடியும் கட்டாயமில்லை. 'ஹிஸ்டாரிக்' வகையில் இருந்தால் புகை கக்கும் கார்களுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் கிடையாது. நகர நடுவே போனால் கன்ஜெஷன் சார்ஜ் என்ற நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் பாதுகாப்பில்லாத காரை ரோட்டில் ஓட்டுவது இன்றும் குற்றம்தான். நான் வருஷத்துக்கு ஒருமுறை எம்ஓடி போடச் சொல்வேன். நம் கண்ணுக்குத் தப்பிய பிரேக் குழாய்த் துருவை இன்னொருவர் பார்ப்பதற்கு அந்தப் பணம் அதிகமில்லை.

குளிர்காலம் முழுக்கக் கராஜில் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓட விடுகிறேன். சரிதானே? (பர்மிங்ஹாம்)

இல்லை. ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் சூடாகாது. சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். ஒன்று, மழை பெய்து உப்பு கழுவிப்போன பிறகு ரோடு காய்ந்திருக்கும் ஒரு நாளில் இருபது மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்: டேங்க்கை நிரப்பி, பேட்டரியைச் சார்ஜரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளட்ச் பெடலை ஒரு மரக்கட்டையால் அழுத்தி வைத்தால் தட்டு ஒட்டிக்கொள்ளாது.

வாங்கியதிலிருந்து ரிப்பேர்தான் பார்க்கிறேன். மனைவி கேலி செய்கிறார். இதை எங்கேதான் ஓட்டுவது? (ரீடிங்)

அவரையும் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். மோட்டார்வே வேண்டாம், அங்கே இந்தக் காரில் சத்தம் மட்டும்தான். காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பி-ரோடு எனப்படும் சின்னச் சாலைகளில் மணிக்கு 45 மைலில் போனால் இது எதற்காகச் செய்த கார் என்று புரியும். எம்ஜிபி பிறந்த ஆபிங்டன் உங்களுக்குப் பக்கம்தான். 1930இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் இன்றும் அந்த ஊரிலிருந்துதான் நடக்கிறது. சேர்ந்துவிடுங்கள், பாதிச் சந்தேகங்களை அங்கேயே தீர்த்துவைப்பார்கள். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பணம் கட்டினால், உங்கள் கார் எந்தத் தேதியில் தயாரானது, என்ன நிறத்தில் வெளியே வந்தது என்று பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். செப்டம்பரில் பியூலியில் பழைய பாகங்களுக்கென்றே பெரிய சந்தை கூடும். அங்கே போகும்போது பட்ஜெட்டை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

டிக்கியில் ஃபேன் பெல்ட், பாயின்ட், கண்டென்சர், ரோட்டர் ஆர்ம், நாலு ஃபியூஸ் இருக்கட்டும். வழியில் கார் சட்டென்று நின்று, சாவியைப் போட்டதும் வரும் பெட்ரோல் பம்ப்பின் 'டிக் டிக்' சத்தம் கேட்கவில்லையென்றால், பின்பக்கம் இருக்கும் அந்த பம்ப்பை ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட பாயின்ட் விடுபட்டு வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். மறுநாளே புது பம்ப் ஆர்டர் செய்துவிடுங்கள்.