படிப்படி வேறு, மெதுவாக வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

படிப்படியான மாற்றமே நிலைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். பழைய மர மேசையை 80 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக் கூட மணல் பொடியாகும்) தேய்த்து, பிறகு 240-ஆல் மூன்று நாள் பொறுமையாகத் தேய்த்தேன். தொட்டால் வழவழவென்றுதான் இருந்தது. மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பூசியதும் கோடு கோடாகக் கறுத்துவிட்டது. பரிணாமத்திலேயே தாவல் உண்டு என்கிறார்கள். உங்கள் பேச்சு எல்லாத் துறைக்கும் பொருந்துமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று நாள் உழைப்பு இப்படியானதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் செய்தது படிப்படி அல்ல, மெதுவாகச் செய்தது. இந்தக் குழப்பத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரிணாமத்தை விடுங்கள். 1972-இல் எல்ட்ரெஜ், கூல்ட் என்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் சொன்ன தாவல், பாறை அடுக்குகளின் காலக்கணக்கில்தான் தாவல். அதற்குள் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் அடங்கும். அதை உங்கள் மேசைக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

மெதுவும் படியும் வேறு என்பதற்குக் கடலடியில் வேலை செய்யும் மூழ்காளர்களைப் பாருங்கள். ஆழத்தின் அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் உடலில் கரையும்; சட்டென்று மேலேறினால் அது குமிழியாகி ஆபத்தாகும். அதனால் முன்பெல்லாம் அவர்களை ஒரே சீராக, மெதுவாக மேலேற்றினார்கள். ஆழத்திலேயே நேரம் கழிந்ததால் சில திசுக்களில் நைட்ரஜன் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. 1908-இல் உடலியல் அறிஞர் ஹால்டேனின் குழு வேறு வழி சொன்னது. 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 5 வளிமண்டலம். அது பாதியாகும் 15 மீட்டர் வரை விரைவாக ஏறி, நின்று, நைட்ரஜன் ஓரளவு வெளியேறிய பிறகே அடுத்த படி. இன்றைய அட்டவணைகள் மாறிவிட்டன. நின்று ஏறும் முறை மாறவில்லை.

உப்புத்தாளிலும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை உண்டு. 120-இன் வேலை 80 போட்ட கீறலை அழித்துத் தன் சிறு கீறலைப் போடுவது. அதை 180 அழிக்கும், 180-இன் கீறலை 240. நீங்கள் இரண்டு படியைத் தாண்டியதால் 240-இன் பொடி மணல், 80 போட்ட கீறல்களுக்கு இடையே உள்ள மேடுகளை மட்டும் பளபளப்பாக்கியது. விரலுக்குத் தெரிந்தது மேடு. ஸ்டெயின் தேங்கியதோ பள்ளத்தில். மூன்று நாள் என்ன, முப்பது நாள் தேய்த்தாலும் தாள் மழுங்குமே தவிர அந்தப் பள்ளம் போகாது. இதைப் பொறுமை என்று சொல்லாதீர்கள்!

சோர்ந்துவிடாமல் 80-க்கே திரும்புங்கள், கறுப்பு முழுதும் போகட்டும். ஒவ்வொரு தாளுக்கும் முன் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டுக்கொள்ளுங்கள். தாள் எங்கே படவில்லை என்பதை அது காட்டும். கீறல் போனதா என்பதற்கு டார்ச்சைப் பலகையோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். தாள் மாற்றும்போது தூசியைத் துடைத்துவிடுங்கள். உதிர்ந்த ஒரு 80 மணல் போதும், 180-இன் வேலையைக் கெடுக்க. கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மர இழை சிலிர்த்து நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் 240-ஆல் லேசாக வருடிவிட்டு, ஸ்டெயினை முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் பூசிப் பாருங்கள்.