வாசகர் கேள்வி – பதில்: இரண்டே மாதத்தில் உப்பிய பெயிண்ட்

கேள்வி: நாங்கள் சேலத்தில் குடியிருந்தபோது, பேருந்து ஒன்று உரசியதில் எங்கள் 2019ஆம் ஆண்டு வெள்ளி நிறக் காரின் இடப்பக்கப் பின்கதவும், பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடும் நசுங்கிவிட்டன. இன்சூரன்ஸில் கோராமல், அங்கிருந்த ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் இரண்டுக்கும் வண்டியை விட்டோம். 32,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 37,760 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 30,000 ரூபாயை யு.பி.ஐ. வழியாகவும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தோம். பில் கேட்டதற்கு, பிறகு தருகிறோம் என்றார்கள். அதன்பின் என் கணவருக்கு மாற்றலாகிக் கோவைக்கு வந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து நாலு நாள் மழை பெய்ததும், சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. பின்கதவின் நிறம் முன்கதவோடு ஒட்டவில்லை. பின்சீட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்குகிறது. பட்டறை உரிமையாளரோ, "மழையில் நின்றால் எந்தப் பெயிண்டும் அப்படித்தான், மெட்டீரியலுக்கு 9,000 கொடுங்கள், மறுபடி அடித்துத் தருகிறேன்" என்கிறார். கோவையிலேயே நல்ல பட்டறையில் சரிசெய்துவிட்டு, பிறகு அவர் மீது வழக்குப் போடலாம் என்கிறான் என் தம்பி. எது சரி?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. வழக்குத் தொடரலாம், ஆனால் அதற்கு முன் வேறு பட்டறையில் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். உப்பிய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதன் அடியில் என்ன இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இருக்காது. இத்தகைய புகார்கள் தோற்பதற்கு, சட்டம் தெரியாததைவிட இந்த அவசரமே பெரும்பாலும் காரணமாகிறது என்பது என் கருத்து.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. நிறம் ஒட்டாதது கண்ணை உறுத்தினாலும் மூன்றில் அதுவே லேசானது. வெள்ளி நிறப் பெயிண்டில் அலுமினியத் துகள்கள் கலந்திருக்கும். காற்றழுத்தமும் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியின் தூரமும் சற்று மாறினால்கூட அவை வேறு விதமாகப் படிந்து, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும். வண்டியின் நிறக் குறியீட்டைச் சரியாகப் பார்த்துக் கலந்தாலும், சில ஆண்டுகள் வெயிலில் காய்ந்த பழைய பெயிண்டோடு அது அப்படியே ஒத்துப்போகாது. அதனால்தான் கைதேர்ந்த பெயிண்டர் புது நிறத்தைப் பக்கத்துக் கதவு வரை சன்னமாகக் கலைத்துக்கொண்டு போவார். அதைச் செய்யாதது வேலைக் குறைதான் என்றாலும், இதை மட்டும் வைத்துக்கொண்டு முழுத் தொகையையும் திரும்பக் கேட்டால் எடுபடுவது கடினம்.

கொப்புளம் அப்படியல்ல. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தாமல், பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியை அப்பி மேடேற்றினாலோ, துருவை முழுதாகத் தேய்த்து எடுக்காமல் அதன் மேலேயே பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்தாலோ, தண்ணீர் விட்டுத் தேய்த்த பட்டியை நன்றாகக் காயவிடாமல் பெயிண்டை ஏற்றினாலோ, உள்ளே ஈரம் தங்கி வெயில் பட்டதும் மேலே தள்ளும். மழையில் நனைவதற்காகவே செய்யப்பட்ட வண்டிக்கு மழையைக் காரணம் காட்டுவது, குடை நனைந்ததால் கிழிந்தது என்று சொல்வதைப் போன்றது. மழை அந்தக் குறையை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது, அவ்வளவே. தண்ணீர் உள்ளே இறங்குவது மூன்றிலும் பெரிய குறை. ஏனென்றால் அது தரைத்தகட்டைத் துருவேற்றி, கம்பளத்துக்கு அடியில் செல்லும் ஒயர்களையும் கெடுக்கும். கதவு நேராகப் பொருந்தவில்லையா, கதவோரத்து ரப்பர் பீடிங் சரியாக உட்காரவில்லையா, தகட்டின் இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர் பூசாமல் விட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, வெளியே இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வந்துவிடும் இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை என்று பொருள்.

இவற்றையெல்லாம் எழுத்தில் கொண்டுவருவதே இப்போது உங்கள் வேலை. வண்டி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலோ, சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ காட்டி, குறை என்ன, காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தும் முத்திரையும் இட்ட அறிக்கை கேளுங்கள். பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி அவர்களிடம் இருந்தால், யாரும் கைவைக்காத கூரையிலும் உப்பிய இடத்துக்குப் பக்கத்திலும் அளந்து இரண்டு எண்களையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். பட்டி கனமாக அப்பிய இடம் அதைவிடப் பல மடங்கு காட்டும். அந்த இரண்டு எண்கள் நீங்கள் பத்துப் பக்கத்தில் எழுதும் ஆதங்கத்தைவிட அதிகம் பேசும். படங்களைப் பகல் வெளிச்சத்திலும் நிழலிலும், வண்டி எண் தெரியும்படியும் எடுத்து வையுங்கள்.

பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். செய்த சேவைக்குப் பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. துண்டுச் சீட்டும், யு.பி.ஐ. பரிவர்த்தனையும், வாட்ஸ்அப்பில் அவரோடு பேசியவையும் சேர்ந்தால் நீங்கள் பணம் கொடுத்ததற்குப் போதிய சான்றாகும். தவிர, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு பெற்றவரென்றால் வரி பில் தந்தாக வேண்டும். 5,760 ரூபாயை வரி என்று எழுதி வாங்கிவிட்டுப் பில் தராதவருக்கு இரண்டு வழியிலும் சங்கடம்தான். இதை மிரட்டலாகச் சொல்லாமல், பதிவு எண்ணுடன் கூடிய பில்லைத் தாருங்கள் என்று கடிதத்தில் ஒரு வரியாகக் கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கு விட்ட தேதி, கொடுத்த தொகை, குறைகள், அறிக்கையின் நகல் ஆகியவை அதில் இருக்கட்டும். "15 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து, எழுத்தில் உத்தரவாதம் தாருங்கள்; இல்லையேல் வேறிடத்தில் சரிசெய்யும் செலவைத் தாருங்கள்" என்ற இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்பது புரிகிறது. ஆனாலும், திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தேன் என்று நீங்கள் காட்ட முடிந்தால், "என்னிடம் வரவே இல்லை" என்று அவர் சொல்ல இடமிருக்காது. 9,000 ரூபாயை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தவறு அவருடையது என்னும் உங்கள் வாதத்தை அது வலுவிழக்கச் செய்யும்.

பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதியலாம். அங்கே தீர்ப்பு எதுவும் வழங்க மாட்டார்கள், எதிர்த்தரப்பைத் தொடர்புகொண்டு கேட்பார்கள். சிலர் அதற்கே இறங்கி வருவதுண்டு. அதற்கும் அசையாதவர் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். பட்டறை சேலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே மனுச் செய்ய 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக்கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும் என்ற மனத்தயாரிப்போடு போங்கள். ஒத்துப்போக வாய்ப்பு இருப்பதாகக் கண்டால், இரு தரப்பின் சம்மதத்துடன் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. இந்த அளவு தொகைக்கு அதை மறுக்காமல் இருப்பது நல்லது. கேட்கும் தொகையும் அளவோடு இருக்கட்டும். சர்வீஸ் சென்டர் மதிப்பிட்ட செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவை போதும். 37,760 ரூபாய் வேலைக்கு ஐந்து லட்சம் கேட்டால், நியாயமான பகுதியின் மீதும் ஐயம் படியும்.

கேள்வி: என் காரின் முன்பக்க வேலைக்கு 22,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். இப்போது 36,000 கேட்கிறார்கள். கூடுதல் வேலை பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. பணம் தராமல் சாவியைத் தர மாட்டோம் என்கிறார்கள். காவல் நிலையத்தில், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஒருவர் ஒப்படைத்த பொருளின் மீது தன் உழைப்பையோ திறமையையோ செலுத்தி, ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலையை முடித்தவர், அதற்குரிய கூலி வரும்வரை அப்பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 170ஆவது பிரிவு. ஆனால் அந்த உரிமை உரிய கூலிக்கு மட்டுமே. நீங்கள் சம்மதிக்காத 14,000 ரூபாய் உரிய கூலியா என்பதே இங்கே சர்ச்சை.

எனவே 22,000 ரூபாயைத் தரத் தயார் என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்; கூடுதல் வேலையைக் குறித்துவைத்த பட்டறைச் சீட்டான ஜாப் கார்டையும், மாற்றியதாகச் சொல்லும் பழைய உதிரிபாகங்களையும் காட்டச் சொல்லுங்கள். வண்டி இல்லாமல் பிழைப்பே நடக்காது என்றால் முழுத்தொகையையும் கட்டி மீட்டுக்கொண்டு வரலாம். அப்படிச் செய்தால் பில்லில், "கூடுதல் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர்கள் எழுதவிடவில்லை என்றால், பணம் அனுப்பிய அந்த நிமிடமே அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள். "வேலை திருப்தியாக முடிந்தது" என்று அச்சிட்ட தாளை நீட்டினால், பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிவந்து பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.