குழம்புக் கத்தரியில் விதை எடுக்கலாமா? தோட்டம்: கேள்வி-பதில்

கே: தக்காளி காயா, பழமா? வீட்டில் பந்தயம்.

ப: செடிக்குப் பழம், சாம்பாருக்குக் காய். 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன சங்கதி இது. அங்கே அப்போது காய்கறி இறக்குமதிக்கு 10 சதவீத வரி, பழத்துக்குக் கிடையாது. வியாபாரிகள் பழம் என்று வாதாடித் தோற்றார்கள். நீங்கள் பந்தயப் பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கே: மாதுளையைக் காயாகவே பறித்துவிட்டோம். அரிசிப் பானையில் வைத்தால் பழுக்குமா?

ப: பழுக்காது. மா, வாழை, சப்போட்டா, பப்பாளி பறித்த பிறகும் பழுக்கும். மாதுளை, திராட்சை, எலுமிச்சை, அன்னாசி எல்லாம் செடியிலேயே பழுத்தால்தான் உண்டு. பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைக்கிற கார்பைட் கல்லைத் தேடிப் போகாதீர்கள். பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

கே: கத்தரி, வெண்டை விதை எடுத்துப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்?

ப: எந்த ரகம், எப்போது பறித்தது, எதுவும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? இப்படி வரும் கடிதங்களில் பாதி, குழம்புக்கு நறுக்கும்போது வழித்தெடுத்த விதைதான். பிஞ்சு, காய், செங்காய், பழம், நெற்று என்று நம் ஆட்கள் படிப்படியாகப் பெயர் வைத்தது சும்மா இல்லை. சமையல் கத்தரி, பூத்து இரண்டு மூன்று வாரத்தில் பறிப்பது. உள்ளே விதை முற்றியே இருக்காது. விதைக்கென்றால் நல்ல காயாக இரண்டில் நூல் கட்டி அடையாளம் வைத்து, செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். வெண்டை பூத்து ஒரு வாரத்தில் குழம்புக்கு வந்துவிடும். விதைக்கோ ஒரு மாதத்துக்கு மேல் நின்று நெற்றாகக் காய வேண்டும். பாகல், ஆரஞ்சு நிறத்தில் பழுத்து வாய் பிளந்தால் விதை தயார். அப்புறம், எப்போதும் சொல்வதுதான்: ஹைபிரிட், அதாவது இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய செடியில் விதை எடுக்காதீர்கள். முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரி காய்க்காது.

கே: நிலக்கடலை கிழங்கு வகையா?

ப: இல்லை, காய். பூப்பது மேலே, பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய் பிடிக்கிறது. விதைத்த 40 நாள் வாக்கில் ஜிப்சம் என்ற சுண்ணாம்புச்சத்து உரம் போட்டு மண் அணைப்பது அதற்குத்தான். மழையை நம்பும் மானாவாரியா, தண்ணீர் பாய்ச்சும் இறவையா என்று நீங்களும் எழுதவில்லை.

கே: முந்திரிக்கு மட்டும் கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே?

ப: கொட்டைதான் அசல் கனி. பழம் என்று நீங்கள் கடிப்பது பருத்த காம்பு. பச்சைக் கொட்டையில் வாய் வைக்காதீர்கள், ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் புண்ணாகிவிடும்.