பலகை ஆலைக்கு வாழை நார்: ஈரமும் சக்கையும் போக என்ன செய்வது?

கேள்வி: தார் வெட்டிய வாழை மரங்களிலிருந்து இயந்திரத்தில் நார் உரித்து விற்கிறேன். கயிறு திரிப்பவர்கள் குறை சொல்வதில்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குடன் நாரைக் கலந்து பலகை செய்யும் ஆலை மட்டும் ‘ஈரமும் சக்கையும் அதிகம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? தென்னை நாரையும் கலந்து அனுப்பலாமா?

பதில்: காஸ்டிக் சோடா வேண்டாம். நன்றாகக் கழுவி, உலர்த்தி, தரம் பிரித்துக் கொடுங்கள். ஆலை சொன்ன இரண்டு குறையும் அதிலேயே தீரும்.

கயிற்றில் நாரும் நாரும் முறுக்கிக்கொண்டு இழுவையைத் தாங்குகின்றன. கொஞ்சம் சக்கை இருந்தாலும் பாதகமில்லை. பலகையில் அப்படியல்ல. சுமை பிளாஸ்டிக் வழியாகத்தான் நாருக்குப் போக வேண்டும். நார் நீரை ஈர்க்கும், பாலிப்ரொப்பிலீனோ நீரை ஒட்டவிடாது. இரண்டும் தாமாகச் சேராது. அதனால் ஆலைக்காரர்கள் மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்து ஒட்டவைப்பார்கள். நாரின் மேல் சாறும் சக்கையும் காய்ந்து படிந்திருந்தால் அந்த ஒட்டு சக்கையோடு நின்றுவிடும். பலகையை வளைக்கும்போது நார் அறுபடாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். நார் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

ஈரம் இதைவிடப் பெரிய தொல்லை. பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகும். நார் 200 டிகிரியை ஒட்டிக் கருகத் தொடங்கும். இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் வார்க்க வேண்டும். அந்தச் சூட்டில் நாரிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழி விடும். பலகை விரிசல் விடுவதும், பின்னாளில் நீர் குடித்து உப்புவதும் அந்தக் குமிழிகளில்தான் ஆரம்பிக்கும்.

தார் வெட்டிய ஓரிரு நாளுக்குள் நார் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் சாறு கறுத்து நாரோடு ஒட்டிவிடும். வெளி மட்டை நார் முரடாகவும் பழுப்பாகவும் இருக்கும், உள் மட்டை நார் மெல்லியதாகவும் வெண்மையாகவும் வரும். இரண்டையும் தனித்தனிக் கட்டாக வையுங்கள். நடுத்தண்டை இயந்திரத்தில் விடாதீர்கள்; அதிலிருந்து வருவது பெரும்பாலும் சக்கைதான்.

உரித்த நாரைக் காயவிடாமல் உடனே நல்ல நீரில் அலசுங்கள். பிழிந்த நீர் தெளியும்வரை நீரை மாற்ற வேண்டும். பிறகு மெல்லியதாகப் பிரித்துக் கொடியில் போடுங்கள். தரையில் பரப்பினால் மணல் ஒட்டும். அது ஆலை இயந்திரத்தின் சுழல் திருகையும் (ஸ்க்ரூ) வார்ப்பு அச்சையும் தேய்க்கும். காய்ந்த பிறகும் நாள்கணக்கில் வெயிலில் விட்டால் நார் மஞ்சளித்து வலுக் குறையும்.

கையில் மொறுமொறுப்பாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 100 கிராம் நாரை 105 டிகிரி உலர்த்தும் அடுப்பில் (ஓவன்), எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி நிறுங்கள். 90 கிராம் நின்றால் நீங்கள் அனுப்பிய எடையில் 10 சதவீதம் நீர். காய்ந்த நார் காற்றிலிருந்தே மீண்டும் ஈரம் இழுக்கும் என்பதால் காலையில் கட்டு கட்டாதீர்கள். வறண்ட நாளின் பிற்பகலில் கட்டி, பாலித்தீன் உறையில் மூடி, தரையைத் தொடாமல் அடுக்குங்கள். எந்த ஈர அளவுவரை ஏற்பார்கள் என்பதை ஆலையிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுக் கயிறு பலரும் கவனிக்காத விஷயம். நைலான் கயிற்றுத் துண்டு உள்ளே போனால் அந்தச் சூட்டில் உருகாது, பலகையில் முடிச்சாக நிற்கும். வாழை நாராலேயே கட்டுங்கள். நாரை வெட்டும் நீளமும் ஆலையின் முறையைப் பொறுத்தது, சொல்லாமல் வெட்டாதீர்கள். மிகக் குட்டையாகிவிட்டால் நார் சுமை தாங்காமல் வெறும் நிரப்பியாகிவிடும்.

காஸ்டிக் சோடாவுக்கு வருவோம். ஏறத்தாழ 5 சதவீதக் கரைசலில் சில மணி நேரம் ஊறினால் நாரிழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் ஓரளவு கரைந்து, நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகும், பிளாஸ்டிக்கோடு ஒட்டும் தன்மையும் கூடும். உண்மைதான். ஆனால் கரைசல் கடுமையானாலோ நேரம் கூடினாலோ நாருக்கு வலுத் தரும் செல்லுலோஸே சிதையும். கட்டுக்குக் கட்டு மாறுபடும் நாரைவிட, எதுவும் செய்யாத ஒரே சீரான நார் ஆலைக்கு மேல். கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து; கழிவு நீரின் சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும். தேவையானால் ஆலையே அளந்து செய்துகொள்ளட்டும்.

தென்னை நாரைக் கலக்கவே வேண்டாம். அதில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல். இழுத்தால் நன்றாக நீண்டுதான் அறும், விறைப்பு குறைவு. வாழை நாரின் குணம் வேறு. தென்னை நாரை வேண்டுபவர்கள் இருந்தால் தனியாக விற்றுக்கொள்ளுங்கள்.