மகள் இறந்த பிறகு பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மம்மாவுக்குச் சட்டத்தில் உரிமை உண்டா?

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மகள் போய்விட்டாள், மருமகன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், கண்ணிலும் காட்டுகிறார் இல்லை, வெளிநாட்டில் தாத்தா பாட்டிக்கு உரிமை இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிச் செய்த ஒரு மருமகன். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, வழக்கு வாசல் வரை போனதில் தெரிந்துகொண்டதுதான். இலங்கையில் பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கென்று அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ தனிச் சட்டம் கிடையாது. தாய் இறந்தால் தகப்பன்தான் பாதுகாவலர். ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். அங்கே பிள்ளையின் நலனைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெளிநாட்டிலும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அமெரிக்காவில் ட்ரொக்சல் எதிர் கிரான்வில் என்று ஒரு வழக்கு. மகன் இறந்த பிறகு பேத்திகளைப் பார்க்கக் கூடுதல் நாள் கேட்டார்கள் அவனுடைய பெற்றோர். 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் தாயின் பக்கமே நின்றது. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டப்படி, மனுப் போடுவதற்கே பெரும்பாலும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

இனி என் கதை. கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கம் வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்ணுக்கு. நானும் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குத்தான் போனேன். மாமி அதே வளவுக்குள் பின்னால் சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்தா. மகனைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்தது அவதான். மனைவி புற்றுநோயில் போனபோது அவனுக்கு நாலு வயது.

முப்பத்தோராம் நாள் முடிந்து ஒரு கிழமைகூட இல்லை, வீட்டுப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத் தமிழருக்குள்ள தேசவழமைச் சட்டம் நமக்கு இல்லை. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் மனைவி இறந்தால் பாதி கணவனுக்கு, மீதி பிள்ளைக்கு. இதை யாரோ மாமியின் காதில் போட்டுவிட்டார்கள். "தம்பி, நாளைக்கு நீங்க வேற கலியாணம் முடிச்சா இந்த வளவு யாருக்கு?" என்று கேட்டா. மனைவியின் உடுப்புகளைக்கூட இன்னும் மடித்து வைக்காத நேரம். அன்று இரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாலர் பாடசாலை ரீச்சர் சொன்னா, மாமி இடைவேளைக்கு வேலிக்கு வெளியே வந்து நிற்கிறா என்று. போய்ப் பார்த்தேன். கம்பி வேலி இடைவெளியால் இடியப்பமும் சொதியும் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தா. மகன் ஒரு கையால் அவவின் முந்தானையைப் பிடித்திருந்தான். அவன் நித்திரை கொள்ளும்போதும் அப்படித்தான் பிடித்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இனி அவவை வேலிப் பக்கம் விடக்கூடாது என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

"பெற்ற தகப்பனுக்கு இல்லாத உரிமையா?" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடியும் அடியும் உள்ள வீடென்றால் தகப்பன் மறுப்பது சரி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாமி வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

இதற்குள் மகனைப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்கும் நேரமும் வந்தது. வதிவிடத்துக்குச் சான்றாக வீட்டு உறுதிப் பத்திரம் கேட்டார்கள். ஆறு வருடம் இருந்த வீட்டை விட்டு வந்தாயிற்று, அம்மா வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியாயிற்று. எங்கள் பக்கத்து ஆண்களில் எத்தனை பேர் பெயரில் வீடு இருக்கிறது? படிவம் தயாரித்தவர்கள் அதை யோசிக்கவே இல்லை. அந்த அலைச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு மாமியின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள்தான் வெல்வீர்கள் என்று என் சட்டத்தரணி சொன்னார். அன்று இரவு மகனுக்குக் காய்ச்சல். அனுங்கிக்கொண்டே அவன் கூப்பிட்டது அம்மம்மாவை. விடிந்ததும் நானே பின்வளவு வீட்டுக்குப் போனேன். "மாமி, என் பாதியையும் பிள்ளை பெயருக்கே எழுதுகிறேன்" என்றேன். அவ அழுதா, நானும் அழுதேன். வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு மத்தியானம் வரை பிள்ளை அங்கே என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். வழக்குப் போடவில்லை.

உங்கள் வீட்டிலும் வளவுப் பேச்சு ஏதாவது வந்திருந்தால், அம்மா, முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு "பார்க்க விடு" என்று பொதுவாகக் கேட்காமல், இந்த நாள், இந்த நேரம் என்று கேளுங்கள். அவரோடு பேச ஆள் இல்லை என்றால் எனக்கு இங்கேயே எழுதுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன்.