வாசகர் கேள்வி: வட்டியும் லாபமும்

கேள்வி: வணிகத்திலும் பணம் பெருகுகிறது; வட்டியிலும் பெருகுகிறது. இஸ்லாமியப் பொருளியல் ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுப்பது ஏன்?

பதில்: இது பழைய வாதம். ‘வணிகமும் வட்டியைப் போன்றதே’ என்று அன்றே சிலர் கூறியதைக் குர்ஆன் (2:275) எடுத்துச் சொல்லி, இறைவன் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்தான் என விடையளிக்கிறது. இதற்கு மார்க்கச் சட்ட அறிஞர்கள் தரும் விளக்கத்தின் மையம், இழப்புக்குப் பொறுப்பேற்பவருக்கே ஆதாயம் உரியது என்ற விதியாகும். துணிக்கடை வைக்க ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாயை வட்டிக்குக் கொடுத்தவர், கடை தீப்பற்றி எரிந்தாலும் முதலையும் வட்டியையும் கேட்கலாம். அதே பணத்தை, ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும் முளாரபா முறையில் முதலீடு செய்திருந்தால், லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் இருவரும் பிரித்துக்கொள்வர். கடைக்காரரின் கவனக்குறைவின்றி நேர்ந்த நட்டத்தில் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், கடைக்காரருக்கு உழைப்பு வீணாகும்.

இதற்கும் அடியில் இருப்பது உடைமை பற்றிய பார்வை. செல்வம் இறைவனுடையது, மனிதரிடம் இருப்பது அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். எனவேதான் 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்குக் குறையாத சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால் அதில் இரண்டரை சதவீதம் ஸகாத் எனும் கட்டாயக் கொடையாகக் கடமையாகிறது. அதை ஏழையின் உரிமை என்றே கொள்ள வேண்டும். கொடுப்பவரின் தயவாகக் கருத இடமில்லை. செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்று 59:7 வசனமும், நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் தருமாறு 2:280 வசனமும் கூறுகின்றன.

கேள்வி: இன்றைய இஸ்லாமிய வங்கிகள் வட்டியின் பெயரை மட்டும் மாற்றியுள்ளனவா?

பதில்: குற்றச்சாட்டை முழுவதும் தள்ளிவிட முடியாது. எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963-இல் அகமது அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கி, சிறு சேமிப்பாளர்களையும் சிறு தொழில்களையும் இணைக்க முயன்றது. பின்வந்த வங்கிகள் பலவும் முராபஹாவையே பெரிதும் நம்பின. வாடிக்கையாளர் கேட்கும் பொருளை வங்கி வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்பது முராபஹா. பொருள் முதலில் உண்மையாகவே வங்கியின் உடைமையாகி, அதன் சேதாரப் பொறுப்பையும் வங்கி சிறிது காலமேனும் ஏற்றால் அது வணிகம்தான். வாடிக்கையாளர் கையில் ரொக்கம் கிடைப்பதற்காகவே, பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தாள்களில் மட்டும் வாங்கி விற்கும் ‘தவர்ருக்’ ஏற்பாட்டில் அந்தப் பொறுப்பு மறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்த கண்டனம் மட்டுமன்று இது: சர்வதேச இஸ்லாமியச் சட்டவியல் அகாதமியே 2009-இல் வங்கிகள் ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாதெனத் தீர்மானித்தது.