கேள்வி – பதில்: பாகிஸ்தானின் தளபதிகளும் நீதிபதிகளும்

பாகிஸ்தானில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதெல்லாம் உச்ச நீதிமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பெரும்பாலும் ஒப்புதல் முத்திரை குத்திக்கொண்டிருந்தது. 1958 அக்டோபரில் அதிபர் இஸ்கந்தர் மிர்சா இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, வெற்றி பெற்ற புரட்சியே புதிய சட்டத்துக்கு மூலமாகிவிடும் என்ற சட்ட அறிஞர் கெல்சனின் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்து, டோசோ வழக்கில் அதைச் செல்லுபடியாக்கினார் தலைமை நீதிபதி முகமது முனீர். தீர்ப்பு வெளியானது அக்டோபர் 27. அன்று இரவே தளபதி அயூப் கான் மிர்சாவை வெளியேற்றினார். முனீரின் கணக்குப்படி அதுவும் வெற்றி பெற்ற புரட்சிதானே!

1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் டோசோ தீர்ப்பைத் தூக்கியெறிந்து, அயூபுக்குப் பின் ஆட்சிக்கு வந்த தளபதி யாஹ்யா கானை, ஆட்சியை அபகரித்தவர் என்று அறிவித்தது. ஆனால், யாஹ்யா முந்தைய டிசம்பரிலேயே பதவியிழந்திருந்தார். ஐந்தே ஆண்டுகளில் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்ததும், 'அவசியம்' என்ற காரணத்தைச் சொல்லி அதே நீதிமன்றம் அவரை ஏற்றுக்கொண்டது.

தளபதிகளின் கையில் இருந்த நுட்பமான கருவி, பதவிப் பிரமாணம். அரசியலமைப்பை நிறுத்திவைத்துவிட்டு, தாங்கள் பிறப்பித்த தற்காலிக ஆணையின்கீழ் நீதிபதிகளை மீண்டும் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். 2000 ஜனவரியில் தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கியும் சக நீதிபதிகள் சிலரும் மறுத்து வீட்டுக்குப் போனார்கள். உறுதிமொழி எடுத்தவர்களே மே மாதத்தில் தளபதி முஷாரஃப் ஆட்சியைப் பிடித்த செயலை ஏற்று, தேர்தல் நடத்த மூன்றாண்டு அவகாசமும் அளித்தார்கள்.

எதிர்த்து நின்றவர்களே இல்லையா? (வாசகி, காரைக்குடி)

உண்டு. 2007 மார்ச் 9 அன்று ராவல்பிண்டியில் சீருடையோடு அமர்ந்திருந்த முஷாரஃப், தலைமை நீதிபதி இஃப்திகார் சவுத்ரியை வரவழைத்துப் பதவி விலகச் சொன்னார். உளவுத் துறைத் தலைவர்களும் உடனிருந்தார்கள். சவுத்ரி மறுத்தார், கறுப்புக் கோட்டு வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். இத்தனைக்கும் 2000இல் முஷாரஃபுக்கு அவகாசம் தந்த அமர்வில் சவுத்ரியும் ஒருவர். 2007 நவம்பர் 3இல் முஷாரஃப் நெருக்கடி நிலையை அறிவித்தபோது, சவுத்ரி தலைமையிலான ஏழு நீதிபதிகள் அன்றே அதற்குத் தடை விதித்தார்கள். பதவியில் இருக்கும் தளபதிக்கு எதிராக அப்படியோர் உத்தரவு வந்தது அபூர்வம். அதற்கு விலையாக அவர்கள் பதவியை இழந்தார்கள்.

அந்த நெருக்கடி நிலைக்காக 2019இல் தனி நீதிமன்றம் முஷாரஃபுக்கு மரண தண்டனை விதித்தது. இடையில் லாகூர் உயர் நீதிமன்றம் அந்த நீதிமன்றம் அமைக்கப்பட்டதே செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2024 ஜனவரியில். முஷாரஃப் துபாயில் இறந்து அப்போது ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது.